உம்மாவின் இரவுக் குளிசையும் நாங்கள் சொன்ன அரைச் செய்தியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். வீட்டில் கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை எடுக்கிற உம்மா, வாப்பா, அம்மா, அப்பா இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். நாங்கள் ஒரு பிழை விட்டோம். வாயால் விட்ட பிழை. அது எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்குப் போய்விட்டது. வாயால் போனதை எழுத்தால் திருப்பி எடுக்க முடியுமா தெரியாது. முயற்சி செய்கிறோம்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஒரே கல்வியியற் கல்லூரியில் பயின்றவர்கள். ஒருவர் கணிதம், மற்றவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறோம். இதை ஏன் சொல்கிறோம் என்பது கீழே விளங்கும்.

உம்மாவுக்கு 63 வயது. சீனி வருத்தம் பல வருடமாக இருக்கிறது. பிரஷரும் உண்டு. மாதாமாதம் கிளினிக் போய் வருவார். கொப்பியில் எழுதியிருக்கிற குளிசைகளில் ஒன்று இரவில் போடுவது, அட்டோவாஸ்டட்டின். "கொழுப்புக் குளிசை" என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு கிழமையில் உம்மாவுக்கு வலது பக்க விலாவில் எரிவு தொடங்கியது. தோலில் ஒன்றுமில்லை. வாய்வு என்று நினைத்து உள்ளி அவித்துக் கொடுத்தோம், தைலம் தடவினோம். மூன்றாம் நாள் சட்டை பட்டாலே கத்துகிற நிலை. அப்போதுதான் பார்த்தோம், முதுகிலிருந்து நெஞ்சுப் பக்கம் ஒரு பட்டி மாதிரிச் சிவந்து, மேலே அரிசி அரிசியாகக் கொப்புளம்.

பக்கத்து வீட்டு மூத்தம்மா பார்த்துவிட்டு, "இது அக்கி மகள். சுத்தி வந்து தலையும் வாலும் முட்டினா மோசம்" என்றார். தண்ணீர் ஓதி வாங்கினோம். காவியும் பூசினோம். துஆவில் பிழையில்லை. நோயைத் தந்தவன் மருந்தையும் வைத்திருக்கிறான் என்று மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மருந்தைத் தேடிப் போகாமல் இன்னும் நாலு நாளைப் போக்கினோம், அதுதான் முதல் பிழை. கொப்புளம் கண்டு 72 மணித்தியாலத்துக்குள் அசைக்குளோவிர் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்பதை ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் அறிந்தோம். கொப்புளம் மூன்று கிழமையில் காய்ந்தது. எரிவு போகவில்லை. நரம்பில் தங்கிப்போன நோ அது.

இரண்டாவது பிழைக்கு வருகிறோம். பதிவும் அதைப் பற்றியதுதான்.

உம்மாவின் சுகம் விசாரித்த உறவினர் ஒருவர் கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். கொலஸ்ட்ரோல் குளிசை எடுப்பவர்களுக்கு அக்கி வரும் அபாயம் கூட, அங்கே ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று. நாங்கள் படித்தவர்கள் அல்லவா, சும்மா நம்புவோமா? போனில் தேடினோம். உண்மைதான். ஒன்ராறியோ மாகாணத்தில் 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு, 2014இல் வெளியானது. ஸ்டட்டின் வகைக் குளிசை எடுத்தவர்களுக்கு அக்கி வரும் அபாயம் 13 சதவீதம் அதிகம். தலைப்பைப் படித்தோம், சுருக்கத்தில் இரண்டு வரியைப் படித்தோம், போனை வைத்தோம்.

"உம்மா, இந்தக் குளிசையைக் கொஞ்ச நாளைக்கு விடுங்க" என்றோம்.

உம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். அவருக்கு அந்தக் குளிசையில் ஒருநாளும் விருப்பமில்லை. அடுத்த நாள் அசருக்குப் பிறகு திண்ணையில் கூடியவர்களிடம் சொன்னார்: "கொழுப்புக் குளிசைதான் எனக்கு அக்கியைத் தந்திருக்கு. மகனும் மருமகளும் படிச்சுப் பாத்திட்டுச் சொன்னவங்க."

அந்தக் கடைசி வசனம்தான் ஒழுங்கை முழுக்கப் போனது. சேரும் டீச்சரும் படிச்சுப் பார்த்திட்டுச் சொன்னவங்க.

இரண்டு மாதம் கழித்துக் கிளினிக்கில் இரத்தச் சோதனை. கெட்ட கொழுப்பு நன்றாக ஏறியிருந்தது. டொக்டர் இளம் பெண். "அம்மா, இரவுக் குளிசை போடுறீங்களா?" என்று கேட்டார். உம்மா எங்களைப் பார்த்தார். நாங்கள் கனடா ஆய்வைச் சொன்னோம். கொஞ்சம் பெருமையாகவே சொன்னோம் என்று நினைவு.

டொக்டர் ஏசவில்லை. "அந்த ஆய்வு இருக்குது சேர், பொய்யில்லை. 13 வீதம் கூடும் எண்டு சொல்றீங்கள். எதில இருந்து 13 வீதம்?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. கணித ஆசிரியரிடமும் இல்லை, விஞ்ஞான ஆசிரியரிடமும் இல்லை. எதனுடைய சதவீதம் என்று எழுதாத விடைக்கு வகுப்பில் சிவப்புப் பேனையால் வெட்டுகிறவர்கள் நாங்கள்.

அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டோம். அதை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறோம்.

அந்த ஆய்வின்படி, குளிசை எடுக்காத முதியவர்கள் 1000 பேரை ஒரு வருடம் பார்த்தால் ஏறத்தாழ 12 பேருக்கு அக்கி வருகிறது. குளிசை எடுத்த 1000 பேரில் ஏறத்தாழ 13 பேருக்கு வருகிறது. 13 சதவீதம் என்று பயந்தது இந்த வித்தியாசத்துக்குத்தான். ஆயிரத்தில் ஒருவர், கூடினால் இருவர். ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் ஆயிரத்தில் 7, 8 பேர். பின்னர் பிரித்தானியாவில் நடந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதே அளவைத்தான் சொன்னது.

இனி மற்றப் பக்கம். ஸ்டட்டின் பற்றிய பெரிய பரிசோதனைகளை எல்லாம் தொகுத்து 2016இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. அதன் கணக்கு இது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்த 1000 பேர் கொழுப்பை நன்றாகக் குறைக்கும் அளவில் ஐந்து வருடம் குளிசை எடுத்தால், ஏறத்தாழ 100 பேர் இன்னொரு மாரடைப்பிலிருந்தோ, பக்கவாதத்திலிருந்தோ, அடைத்த குழாயைத் திறக்கும் சிகிச்சையிலிருந்தோ தப்புகிறார்கள். இன்னும் வராத, ஆனால் சீனி, பிரஷர் போன்ற காரணங்களால் அபாயம் கூடியவர்கள் என்றால் ஏறத்தாழ 50 பேர்.

ஒரு தட்டில் 7, 8 பேருக்குக் கூடுதலாக அக்கி. மறு தட்டில் 50 பேர், அல்லது 100 பேர் மாரடைப்பிலிருந்தும் பக்கவாதத்திலிருந்தும் தப்புவது. இலங்கையில் ஆஸ்பத்திரிகளில் நிகழும் மரணங்களுக்கு முதற் காரணம் இருதய நோய்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நாங்கள் ஒரு தட்டை மட்டும் பார்த்து உம்மாவுக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டோம்.

அந்த 7, 8 பேருக்கும் அக்கி வரக் குளிசைதான் காரணமா? அதையும் உறுதியாகச் சொல்ல ஏலாது. குளிசை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மாதாமாதம் டொக்டரைக் காண்பவர்கள். அவர்களுக்கு அக்கி வந்தால் கொப்பியில் பதியும். வீட்டில் காவி பூசி ஆற்றியவர்களின் அக்கி எந்தக் கணக்கிலும் வராது. சீனி வருத்தம் தன்பாட்டிலேயே அக்கியின் அபாயத்தைக் கூட்டும். ஆராய்ந்தவர்கள் இவற்றை இயன்ற அளவு கழித்துப் பார்த்திருக்கிறார்கள், முற்றாகக் கழிக்க முடியாது. மறுபுறம், இந்தக் குளிசை எங்கள் எதிர்ப்புச் சக்திக் கலங்களின் வேகத்தைச் சற்றுத் தணிக்கக் கூடும் என்பதும் தெரிந்த விடயம். ஆகவே அது ஒரு சிறிய தள்ளுத் தள்ளியிருக்கலாம். அவ்வளவுதான் நேர்மையாகச் சொல்லக் கூடியது.

ஆனால் உம்மா சொன்ன மாதிரி அக்கியைக் குளிசை "தரவில்லை". அக்கி எங்கிருந்து வருகிறது என்பதை எங்கள் சனம் கட்டாயம் அறிய வேண்டும்.

அக்கி வெளியிலிருந்து புதிதாக வருகிற கிருமி அல்ல. கொப்புளிப்பான் வந்து சுகமானாலும் அதன் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முள்ளந்தண்டுக்குப் பக்கத்து நரம்புக் கணுக்களில் போய்ப் படுத்துவிடும். வயது போய், சீனி கூடி, உடம்பு தளரும்போது எழும்பி, அந்த ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வரும். அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டியாக வருகிறது. தலையும் வாலும் முட்டும் என்று பயப்படத் தேவையில்லை, நடுவோடு அநேகமாக நின்றுவிடும்.

உம்மாவுக்குக் கொப்புளிப்பான் வந்தது எப்போது? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவிலிருந்து கைப்பிள்ளையோடு கிளம்பினவர் அவர். புத்தளம் மாவட்டத்தில் கற்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டில் முகாம். ஒரு கொட்டிலில் ஒரு பிள்ளைக்கு வந்தால் மறு கிழமை வரிசை முழுக்க வரும். 1991இல் உம்மாவுக்கும் வந்தது. உம்மா பாயில் கிடக்க, வேப்பங்கொத்தோடு பக்கத்தில் இருந்தது உம்மம்மா. அன்று படுத்த கிருமி 34 வருடம் கழித்து எழும்பியிருக்கிறது. அட்டோவாஸ்டட்டின் உலகச் சந்தைக்கு வந்ததே 1997இல்தான்.

இது எங்கள் சமூகத்தின் கதை மட்டுமல்ல. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் சனம் நெருக்கமாக அடைந்து கிடந்தபோதும் கொப்புளிப்பான் பரவியது. எங்கள் மாணவர்களின் தாய் தகப்பன் பலர் அங்கே இருந்தவர்கள். அவர்கள் "அம்மாள் வருத்தம்" என்பார்கள், நாங்கள் கொப்புளிப்பான் என்போம், கிருமி ஒன்றுதான். இரண்டு முகாம்களிலும் இளந்தாரியாக இருந்த சனம் இப்போது கிளினிக் வாங்கில் வந்து உட்காருகிறது. சீனிக்கும் கொழுப்புக்கும் குளிசை எடுக்கிற வயது. அக்கி வருகிற வயதும் அதுதான். இரண்டும் ஒரே காலத்தில் வந்தால் ஒன்றால்தான் மற்றது வந்தது என்று தோன்றும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை.

இவ்வளவும் விளங்கிய பிறகு, அடுத்த நாளே ஒழுங்கையில் இறங்கி வீடு வீடாகச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. வெட்கம். "படிச்சுப் பாத்திட்டுச் சொன்னவங்க" என்று பேரெடுத்த பிறகு, படிக்காமல்தான் சொன்னோம் என்று எப்படிப் போய்ச் சொல்வது? உம்மாவுக்குத் திரும்பவும் குளிசையைத் தொடங்கினோம். மற்றவர்களுக்கு வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்றோம். அந்த வெள்ளி போனது, அடுத்த வெள்ளியும் போனது.

மூன்றாம் கிழமை ஒரு விடியற்காலை, சந்தியில் கடை வைத்திருக்கிற மாமாவை 1990 அம்புலன்ஸில் ஏற்றினார்கள். நெஞ்சு நோ. நாலு வருடத்துக்கு முன்பும் ஒரு தடவை வந்தவர். அல்ஹம்துலில்லாஹ், தப்பிவிட்டார். பார்க்கப் போன இடத்தில் மாமி சாதாரணமாகச் சொன்னார்: "இரவுக் குளிசையை மட்டும் விட்டவர் டீச்சர். நீங்க சொன்னீங்களாம் எண்டு. மத்ததெல்லாம் ஒழுங்காப் போட்டவர்."

எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

குளிசையை விட்டதால்தான் மாமாவுக்கு வந்ததா? அதையும் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒரு தடவை வந்தவர், புகைப்பவர், வயதும் எழுபதைத் தொடுகிறது. குளிசை போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். உம்மாவின் அக்கிக்குக் குளிசைதான் காரணம் என்று பாய்ந்தது பிழை என்றால், இதற்கும் பாயக்கூடாது. ஆனால் அந்த 100 பேரின் கணக்கு எங்கள் கொப்பியில் இருந்தது. எழுதி வைத்துக்கொண்டு மூன்று கிழமை வாய் மூடி இருந்தோம். அதுதான் எங்கள் பாரம்.

அன்றே மற்ற இரண்டு வீட்டுக்கும் போனோம். ஒரு ராத்தா பத்து நாள் விட்டுப் பிறகு தானாகவே தொடங்கியிருந்தார். தண்ணீரூற்றுப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற அம்மா ஒருவர், விட்டது விட்டபடி. குளிசை எல்லாம் ஒரு பால்மா ரின்னுக்குள் சேர்ந்து கிடந்தது. அதைப் பார்த்தபோது 2022 நினைவுக்கு வந்தது. கிளினிக்கில் மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்றபோது பாமசியில் விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்பி வந்தவர்கள் நாங்கள் எல்லோரும். இன்று இலவசமாகக் கையில் தருவதை எங்கள் வாய் வார்த்தை ரின்னுக்குள் போட வைத்திருக்கிறது.

"இங்கிலீஷ் மருந்து, உடம்புக்குச் சூடு" என்று அந்த அம்மா சொன்னார். அவருக்கு ஒரு கதை சொன்னோம். இந்த வகை மருந்தை முதலில் கண்டுபிடித்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானியர். 1970களில் ஏறத்தாழ 6000 பூஞ்சணங்களைச் சோதித்து, அரிசியில் பிடித்திருந்த ஒரு பூஞ்சணத்தில் அதைக் கண்டார். 2024இல்தான் காலமானார். வயற்காரச் சனமான எங்களுக்கு அரிசியில் பிடிக்கிற பூஞ்சணம் புதிதா? அம்மா சிரித்தார். கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குவதாகச் சொன்னார். அதுதான் சரியான பதில்.

இனி, எங்கள் சார்பில் சில வேண்டுகோள்கள்.

ஒன்று. கொழுப்புக் குளிசையை யாரும் சொல்லி விடாதீர்கள், நாங்கள் சொன்னாலும். தசை நோ, அளவுக்கு மிஞ்சின களைப்பு, சிறுநீர் கறுத்துப் போவது ஏதும் இருந்தால் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதோ வேறு குளிசைக்கு மாற்றுவதோ அவர்களுடைய வேலை.

இரண்டு. ஏற்கெனவே விட்டிருந்தால் ஒளிக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து "போடுறன்" என்று சொன்னால், கொழுப்பு குறையவில்லை என்று அளவைக் கூட்டி எழுதிவிடுவார்கள்.

மூன்று. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிவு, பிறகு பட்டியாகக் கொப்புளம் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. 72 மணித்தியாலம் என்பதை மறக்க வேண்டாம். நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ வந்தால் ஒரு மணித்தியாலமும் வைத்திருக்க வேண்டாம், பார்வை போகலாம். ஓதிப் பார்ப்பதைப் போகிற வழியிலும் பார்க்கலாம்.

நான்கு. அக்கி வந்தவரிடமிருந்து அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், கொப்புளிப்பான் வராதவருக்கு அது வரலாம். காயும் வரை மூடி வையுங்கள். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தள்ளி வையுங்கள்.

ஐந்து. இதுதான் எங்களைத் தூங்க விடாதது. அக்கி வந்த முதல் சில கிழமைகளில் பக்கவாதம், மாரடைப்பு அபாயம் கூடும் என்று 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருக்கிறது. அதாவது குளிசை மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்தான் உம்மாவின் கையிலிருந்து அதைப் பறித்தோம்.

கிடைத்த செய்தியை விசாரிக்காமல் பரப்பாதே என்பது மார்க்கம் எங்களுக்குத் தந்த பாடம். நாங்கள் விசாரித்தோம், ஆனால் பாதியில் நிறுத்தினோம். பொய்ச் செய்தியென்றால் யாராவது பிடித்திருப்பார்கள். இது உண்மையான செய்தியின் அரைவாசி, அதுவும் படிப்பிக்கிறவர்களின் வாயிலிருந்து வந்தது. அதனால்தான் ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

உம்மா இப்போது இஷாவுக்குப் பிறகு குளிசை போடுகிறார். விலாவில் எரிவு இன்னும் மிச்சம் இருக்கிறது, அதற்கும் வேறு மருந்து தந்திருக்கிறார்கள். மாமா கடையைத் திறந்துவிட்டார். போன கிழமை அவரிடம் போய் நேரே மன்னிப்புக் கேட்டோம். அவர் தேயிலை கட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க சொன்னீங்க எண்டு விட்டன். இப்ப நீங்க சொல்லுறீங்க எண்டு போடுறன். ஆனா சேர், இனி டொக்டரையும் ஒருக்காக் கேப்பன்."

கேளுங்கள் மாமா. எல்லோரும் கேளுங்கள்.

எங்களிடம் நேரடியாகக் கேட்காமல், எங்கள் பேரைச் சொல்லி யாராவது சொன்னதைக் கேட்டு வேறு எவரும் குளிசையை விட்டிருந்தால், அவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். தெரிந்தவர்களுக்கு இதைக் காட்டுங்கள், வாசிக்க ஏலாத பெரியவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். மாமாவுக்கும் உம்மாவுக்கும் துஆ செய்யுங்கள்.